நிற்பனவெல்லாம் தாவரமா?

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் நாமாகத் தேடிக்கொண்டதன்று. சென்ற கந்தசட்டி விரதகாலத்தில் எமது மண்டப வாசலிலே ஒரு பெரியவர் எம்மை மறித்து வைத்துக் கேட்ட கேள்வியிற் பிறந்தது அது. "தம்பி, நீங்கள் பல்கலைக்கழகத்திலை உயிரியல் படிக்கிற பிள்ளை. காளான் மரக்கறியோ, மச்சமோ? வீட்டிலை மருமகள் சமைச்சுப்போட்டா. சாப்பிடலாமோ கூடாதோ, சொல்லுங்கோ பாப்பம்" என்றார். "காளான் தாவரமில்லை, ஐயா" என்றோம். "அப்ப மச்சமோ?" என்றார். "அதுவுமில்லை, ஐயா" என்றோம். பெரியவர் எம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுக்கோ இவ்வளவு காலம் படிச்சனீங்கள்?" என்று கேட்டுவிட்டு நடந்துவிட்டார். அவர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். அன்று சொல்லத் தெரியாமற்போனதை இன்று சொல்ல முயலுகிறோம்.

ஆயினும், கேள்வியின் உறைப்பு எமக்கு விளங்கியது அன்றன்று. சில மாதங்கள் கழித்தேயாம். சித்திரையிலே கடல் அடங்கியதும், எம்முள் பத்துப் பன்னிருவர் நிலாவெளியிலிருந்து படகேறிப் புறாத்தீவுக்குச் சென்றோம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரம். 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இடம் அது. அங்கே இடுப்பளவு தண்ணீரில் எம் நண்பர் ஒருவர் படம் எடுப்பதற்காக ஒரு முருகைக்கல்லின்மேல் ஏறி நின்றார். படகோட்டி அண்ணை, "தம்பி, இறங்குங்கோ! அது கல்லில்லை, உயிர்!" என்று சத்தமிட்டார். நண்பர் இறங்கினார். அவர் காலடியில் ஒரு கிளை முறிந்து கிடந்தது. பக்கத்தில் நின்ற இன்னொருவர் சமாதானம் சொன்னார்: "செடிதானே, திரும்பத் தழைக்கும்."

ஒருவருக்கு அது கல். இன்னொருவருக்கு அது செடி. இருவரும் எம்மோடு படித்தவர்களே. பாறைபோலத் திரண்டு வளரும் முருகை இனங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும் என்பதை அப்போது அவர்களுக்குச் சொன்னோம். ஓராள் உயரமான ஒரு திரள், எமது பாட்டனாரின் பாட்டனார் காலத்துக்கு முந்தியதாகலாம். அதனைப் பூவரசங் கதியாலைப்போல முறித்து நட்டால் தழைக்கும் என்று எண்ணுவது பிழை.

குற்றம் அந்த நண்பர்களுடையது மாத்திரமன்று, எமது சொற்களுடையதுமாகும். முருகைக்கல் என்னும் பெயரே அதனைக் கல்லாக்கிவிடுகின்றது. தாவரம் என்னும் சொல்லோ, 'ஸ்தாவரம்' என்ற வடசொல்லின் திரிபு; நிலைத்து நிற்பது என்பதே அதன் பொருள். இயங்குவது சங்கமம். தமிழகத்துப் பத்திரங்களில் வீடு வளவுகளை 'ஸ்தாவரச் சொத்து' என்று எழுதுவதும் இக்கருத்திலேதான். ஆகவே, நிற்பது தாவரம், நடப்பது பிராணி என்ற கணக்கு எமது நாவிலே பிறவியிலேயே ஊறிவிட்டது.

இந்தக் கணக்கு தரையிலே பெரும்பாலும் பிழைப்பதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலே கோட்டைக்குள் மேயும் மானையும் அது மேயும் புல்லையும் பிரித்தறிய எவருக்கும் பாடம் வேண்டியதில்லை. துறைமுகத்துக்கு வந்தாலே கணக்கு குழம்புகின்றது. தோணியின் அடியிலும் இறங்குதுறைத் தூண்களிலும் கொட்டலசு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நண்டுக்கும் இறாலுக்கும் இனசனம். குஞ்சாக இருக்கும்போது நீந்தித் திரிந்துவிட்டு, பின்பு தலையைத் தூணிலே ஒட்டிக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் கால்களால் உணவை வாரி உண்கிறது! கண்டல் வேரைப் பற்றிய சிப்பியும் அப்படியே. வேரும் அசையாது, சிப்பியும் அசையாது. அவற்றுள் ஒன்று தாவரம், மற்றது பிராணி.

இவ்விடத்தில் தொல்காப்பியரை நினையாமல் இருக்க முடியவில்லை. மரபியலிலே அவர் உயிர்களை அறிவால் வகுக்கிறார். புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வாகிய ஓரறிவு. சங்கு, சிப்பி போன்றவற்றுக்குத் தொடுவுணர்வோடு சுவையுணர்வும் சேர்ந்து இரண்டறிவு. பாருங்கள், அசையாமற் கிடக்கும் சிப்பியை அவர் மரத்தோடு சேர்க்கவில்லை. நிற்பதா நடப்பதா என்று அவர் பார்த்திருந்தால் சேர்த்திருப்பார். எதை உணர்கிறது என்று கேட்டார். கேள்வி மாறவே விடையும் திருந்தியது. அதே இயலில், வெளிப்புறம் வயிரமானவை புல், உட்புறம் வயிரமானவை மரம் என்றும் சொல்லுகிறார். அப்படியானால் எமது பனையும் தென்னையும் மூங்கிலும் மரமல்ல, புல்! இன்றைய தாவரவியலாரும் பனையை ஒருவித்திலைத் தாவரமென்று புல்லின் பக்கத்திலேயே வைக்கின்றனர்.

நாம் பயின்றது ஒரு மிசன் பாடசாலை. அங்கே ஆதியாகமத்திலே, பூண்டும் மரமும் மூன்றாம் நாளிலும் கடல்வாழ் உயிர்கள் ஐந்தாம் நாளிலும் படைக்கப்பட்டன என்று வாசித்தோம். முருகை எந்த நாளுக்குரியது என்று ஒரு குறும்புக்கார மாணவன் கேட்க, ஆசிரியர் சிரித்துவிட்டு, "அந்தக் கேள்விக்கு ஐரோப்பாவே நெடுங்காலம் தடுமாறியது" என்றார். அவர் கருதியது என்னவென்பது எமக்குப் பின்னாளிலேதான் தெரியவந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசைப்படுகிறோம்.

எமது தாய்மார் மோதிரத்திலும் மாலையிலும் அணியும் செம்பவளம் இந்தக் கடலிற் பிறப்பதன்று. மத்தியதரைக் கடலிற் பிறப்பது. மிளகு ஏற்றச் சேரநாட்டுத் துறைகளுக்கு வந்த உரோமர் காலத்துக் கப்பல்களிலே பவளமும் வந்திறங்கியது. அது கடலடியில் வளரும் செடியென்றும், காற்றுப் பட்டதும் கல்லாகிவிடுகிறதென்றும் மேனாட்டார் நம்பினர். 1706 இல் மார்சிலி என்னும் இத்தாலியப் பிரபு, புதிதாக எடுத்த பவளக் கிளையைக் கடல்நீரில் இட்டு வைத்தபோது, அதன்மேல் எட்டு இதழ்கொண்ட வெண்ணிறப் 'பூக்கள்' விரிவதைக் கண்டார். பூ உண்டென்றால் அது செடிதானே! வழக்கு முடிந்தது என்று எல்லாரும் மகிழ்ந்தனர்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளின் பின், மார்சேய் நகரத்து வைத்தியரான பேசொனல் என்பவர் அதே பூக்களைப் பார்த்தார். தொட்டதும் அவை உள்ளே ஒடுங்கின. இது பூவன்று, சின்னஞ்சிறு பிராணி என்று பாரிசிலுள்ள விஞ்ஞானக் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெரும் புகழுடன் விளங்கிய றேயோமூர் என்னும் அறிஞர், 1727 இல் அந்தக் கருத்தைச் சபையில் எடுத்துக்கூறி மறுத்தார். கூறியவர் நகைப்புக்கு இடமாகக் கூடாதென்று பெயரையும் மறைத்துவிட்டார். அவமதிப்பிலும் இப்படி ஒரு தாட்சண்யம்! பின்னர், 1740 இல் திரெம்பிளே என்பவர் குளத்து நீரில் ஐதரா என்னும் சிற்றுயிரைக் கண்டு ஆராய்ந்தார். பச்சை நிறமாயிருக்கும், ஓரிடத்தில் ஒட்டிநிற்கும், வெட்டினால் இரண்டாய்த் தழைக்கும். ஆனால் இரையைப் பிடித்து உண்ணும். அதன் பின்பே அறிஞர்கள் மனம் மாறினர். 1742 இல் றேயோமூரும் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். பேசொனலோ அப்போது அத்திலாந்திக்குக்கு அப்பால் குவாதலூப் தீவிலே வைத்தியராயிருந்தார். அவருடைய நூலின் சுருக்கத்தை 1750களிலே இலண்டனார் அச்சிட்டனர், பாரிசு அச்சிடவில்லை.

அவர் கண்டது உண்மையே. முருகைக்கல் என்பது ஆயிரக்கணக்கான சிறு பிராணிகள் சேர்ந்து கட்டிய வீடு. ஒவ்வொன்றும் ஒரு வாயும், அதைச் சூழப் பரிசக்கொம்புகளும் உடையது. கொம்புகளிலுள்ள நச்சுக் கலங்களாற் சிற்றுயிர்களைக் குத்திப் பிடித்து உண்ணும். தமக்குக் கீழே சுண்ணாம்பைச் சுரந்து சுரந்து அந்தக் கல்லை எழுப்புகின்றன. எம் நண்பர் மிதித்தது அவற்றின் உச்சியிலுள்ள உயிருள்ள மெல்லிய தோலையே.

இன்னும் ஒரு விசித்திரம் உண்டு. அந்தப் பிராணியின் உடற்கலங்களுக்குள்ளே நுணுக்கமான அல்காக்கள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியால் உணவு சமைத்து அதன் பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கே கொடுக்கின்றன. முருகைக்கு நிறம் தருவனவும் பெரும்பாலும் அவையே. கடல்நீர் வழமைக்கு மேல் ஒரு பாகை அளவு சூடேறிச் சில வாரங்கள் நின்றாற்கூட இந்த உறவு முறிந்துவிடும். அல்கா வெளியேற, முருகை வெளிறிப்போகும். சூடு தணியாவிடில் பட்டினியாற் சாகும். 1998 இல் உலகெங்கும் அப்படி நேர்ந்தபோது, எமது தீவின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை போன்ற இடங்களிலே முருகைகள் பெருமளவில் அழிந்தன. திருகோணமலைப் பக்கத்து முருகைகள் அன்று பெரும்பாலும் தப்பின. 2024 இல் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது. தப்பியவற்றின்மேல் செருப்புக்காலுடன் ஏறி நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, நிற்பது அடையாளமன்று. பச்சை நிறம்? அதுவும் முழு அடையாளமன்று. கடற்கரைப் பற்றைகளின்மேல் மஞ்சள் நூலாகப் படர்ந்து கிடக்கும் கொத்தானைப் பாருங்கள். இலையில்லை, பிற செடியை உறிஞ்சி வாழ்கிறது. ஆயினும் அது பூத்துக் காய்க்கும் தாவரமே. அதுவும் கறுவாவின் குடும்பத்தைச் சேர்ந்தது! ஏழை உறவினன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மாறாக, கரையில் ஒதுங்கும் குவியலைச் சாதாளை என்று ஒரே சொல்லால் அள்ளிவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்த்தால் மூன்று குலங்கள் கிடைக்கலாம். நாடாப்போல நீண்ட இலையும், வேரும், நீருக்குள்ளேயே மலரும் பூவும் கொண்ட கடற்புல் முழுமையான தாவரம். செந்நிறக் கஞ்சிப்பாசிக்கு வேருமில்லை, பூவுமில்லை. ஆனாலும் அதன் மூதாதை எமது முருங்கையின் மூதாதைக்கு உறவு. இதைத்தான் ஆங்கிலேயர் 'இலங்கைப் பாசி' என்ற பெயரிலே அறிந்திருந்தனர். களி செய்யும் அகார் இதிலிருந்து எடுக்கப்படுவது. காற்றுக்குமிழ் தாங்கிய கபிலநிறப் பாசியோ உருவத்தில் செடியை மிக ஒத்திருப்பினும் முற்றிலும் வேறு பரம்பரை. எம் நாட்டுக் கடற்பாசிகளைத் தேடித் தொகுத்து 1961 இல் விரிவாக எழுதிய எம். துரைரத்தினம் அவர்களை இந்த இடத்தில் நன்றியுடன் நினைக்கிறோம்.

அப்படியாயின் எதைக்கொண்டு அறிவது? கலத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறது இன்றைய விஞ்ஞானம். கலத்தைச் சுற்றிச் செலுலோசுச் சுவர் உண்டா? ஒளியைக்கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்தும் நீரிலிருந்தும் தன் உணவைத் தானே சமைக்கப் பச்சையம் உண்டா? மிச்சத்தை மாப்பொருளாகச் சேமிக்கிறதா? இவற்றுக்கும் மேலாக, அதன் பரம்பரை எது? கொத்தானைப்போலச் சமைப்பதைக் கைவிட்டவற்றுக்கும் பரம்பரை சாட்சி சொல்லும். ஒருகாலத்தில் இப்படி நுணுகிப் பாராமல், பிராணியல்லாதன யாவற்றையும் தாவரவியற் புத்தகத்துள் தள்ளிவிட்டனர்; காளானும் பற்றீரியாவும் அங்கேயே கிடந்தன. 1969 இல் விற்றேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து இராச்சியங்களாக வகுத்துக் காளானுக்குத் தனி இராச்சியம் கொடுத்தார். அந்த ஐந்தும் பின்பு திருத்தப்பட்டன. காளானின் தனிக்குடித்தனம் மாத்திரம் நிலைத்துவிட்டது.

காரணம் இதுதான். காளானுக்குப் பச்சையமில்லை, உக்கியதையோ உயிருள்ளதையோ கரைத்து உறிஞ்சியே வாழும். அதன் கலச்சுவர் செலுலோசன்று, கைற்றின். நண்டின் ஓட்டிலும் இறாலின் ஓட்டிலும் உள்ள அதே பொருள். பரம்பரையை ஆராய்ந்தவர்கள், காளான் முருங்கையைவிட நண்டுக்கே கிட்டிய உறவு என்கின்றனர்.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். ஐயா, மரக்கறி, மச்சம் என்பவை அடுக்களைப் பிரிவுகள். தாவரம், பிராணி, காளான் என்பவை பரம்பரைப் பிரிவுகள். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தப் போனதாலேதான் அன்று நாம் விழித்தோம். காளானில் நரம்பில்லை, குருதியில்லை, நோவை உணரும் உறுப்பேதுமில்லை. கொல்லாமையைக் கருதி மச்சம் விலக்குபவருக்குக் காளான் தடையாகாது என்பது எமது அபிப்பிராயம். ஆசாரத்தைக் கருதினால் வேறு. மனுநூல் உள்ளியோடு காளானையும் விலக்குகின்றது. அந்த வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் நுணுக்குக்காட்டிக்கு இல்லை. மருமகளிடமே விட்டுவிடுவது உத்தமம்.

ஆனால், இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் நாம் ஒளித்தவராவோம். வெற்றிலைக்கு நாம் பூசும் சுண்ணாம்பு, முன்னாளில் இத்தீவின் கரைகளிற் பெரும்பாலும் முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையில் இட்டு நீற்றி எடுக்கப்பட்டது. கரையோரப் பாதுகாப்புச் சட்டம் 1981 இல் வந்தது. அதன் பின்பு கடலில் முருகை அகழ்வது தடுக்கப்பட்டது. அதற்கு முன் விரதம் முடித்து வெற்றிலை போட்டவர்கள் எத்தனை கோடிப் பிராணிகளின் கூட்டை மென்றார்களோ, யாமறியோம். பெரியவர் சிரிக்கிறார்; ஆகவே கோபமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம்.

வாடைக் கடல் அடங்கியதும், வருகிற சித்திரையில் மறுபடியும் புறாத்தீவுக்குப் போக இருக்கிறோம். இம்முறை தண்ணீருக்குள் எவரும் கால் ஊன்றுவதில்லை, மிதந்தே பார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். கிளையை முறித்த நண்பரே படகுக்கு ஆள் சேர்க்கிறார். பெரியவரும் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். வெற்றிலைப் பெட்டியைக் கரையிலே விட்டு வருவதா, கொண்டு வருவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.