கிழிந்த படலமும் கட்டு வடமும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவியல் குறித்து உரையாற்றுமாறு கழகத்தார் பணித்தபோது, விண்வெளியைப் பற்றியோ அணுவைப் பற்றியோ பேசலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். பின்னர் என் பள்ளித் தோழன் ஒருவன் நினைவில் வந்து நின்றான். அவன் பொருட்டே இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

நானும் அவனும் ஒரே வகுப்பு. ஓடினால் அடிக்கடி விழுவான். கெண்டைக்கால் சதை மட்டும் பயில்வானுக்கு இருப்பதுபோல் பருத்திருக்கும். தரையிலிருந்து எழுகையில் தன் தொடைகளையே கைகளால் பற்றி, தன் உடல்மீது தானே ஏறுவதுபோல் நிமிர்வான். ஆசிரியர் ஒருவர் அவனுக்குச் 'சோம்பேறி' என்று பெயரிட்டு, மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். நாங்கள் சிரித்தோம், நானும் சிரித்தேன். பதினோராம் வயதில் அவன் நடை நின்றது. தெருவார் அவன் தாயைப் பழித்தனர். முற்பிறவிப் பாவம் என்றனர் சிலர். செய்வினை என்றனர் சிலர். இருபது வயதைக் காணாமலே அவன் மறைந்தான். அவனுக்கு நேர்ந்தது யாது என்பதை நான் படித்தறியப் பல ஆண்டுகள் ஆயின. அதைத்தான் இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

கண்ணுக்கு எட்டாத உறை

அந்நோய்க்கு டுஷென் தசைச்சிதைவு நோய் என்று பெயர். உலகெங்கும் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் அது தோன்றுகிறது. சாதியையோ சமயத்தையோ செல்வத்தையோ அது பார்ப்பதில்லை. பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1860களில் அதனை விரிவாக விளக்கினார். அவருக்கு முன்பே, 1851-இல், எட்வர்ட் மெரியான் என்னும் லண்டன் மருத்துவர், பழுது நரம்பில் அன்று, தசையிலேயே உள்ளது என்று கண்டார். தசை இழையைப் போர்த்திய உறை சிதைந்திருந்தது என்றும் எழுதிவைத்தார்.

அக்கூற்றை மெய்ப்பிக்க அக்காலக் கருவிகளால் இயலவில்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகளைப் பிரித்துக் காட்டாது. தசை இழையின் படலமோ பத்து நானோமீட்டர் அளவே தடிப்புள்ளது. அதிலுள்ள கிழிசலை ஒளியால் எவ்வாறு காண்பது?

1931-இல் பெர்லினில் நோல், ருஸ்கா ஆகிய இருவரும் ஒளிக்குப் பதில் எலெக்ட்ரான் கற்றையையும், கண்ணாடி வில்லைக்குப் பதில் காந்தச் சுருளையும் பயன்படுத்தும் நுண்ணோக்கியை அமைத்தனர். ருஸ்காவுக்கு 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் 1940களிலேயே கல்கத்தாவில் நீரஜ்நாத் தாஸ்குப்தா தம் குழுவினருடன் இத்தகைய கருவியொன்றை அமைத்தார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

இக்கருவியில் தசையைக் காண்பது எளிய செயலன்று. நோயாளியின் தசையிலிருந்து அரிசிமணி அளவு எடுத்து, அழுகாதவாறு வேதிப்பொருளில் பதப்படுத்தி, பிசினில் பதித்து இறுக்கி, வைரக் கத்தியால் 60, 70 நானோமீட்டர் தடிப்புள்ள சீவல்களாக அரிவார்கள். எலெக்ட்ரானைத் தடுக்கும் கன உலோக உப்புக்களைச் சாயமாக ஏற்றி, காற்று நீக்கிய குழாயினுள் வைத்துப் படமெடுப்பார்கள்.

1975-இல் கண்டது

1975-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மோக்ரி, எங்கல் என்னும் இரு மருத்துவர்கள், டுஷென் நோயுற்ற சிறுவர்களின் தசைகளை இவ்வாறு ஆராய்ந்தனர். இன்னும் அழியாத இழைகளிலேயே படலம் ஆங்காங்கே அறுபட்டிருந்தது. அவ்விடங்களின் கீழே ஆப்பு வடிவத்தில் சிதைவு தெரிந்தது.

வெட்டிய கத்தியே படலத்தைக் கிழித்திருக்கலாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, அறிவியலாரும் அதையே கேட்டனர். ஆனால் கிழிசலுக்கு மேலே இருந்த வெளி உறை அறுபடாமல் இருந்தது. கத்தி கிழித்திருந்தால் அதுவும் அறுபட்டிருக்கும் அல்லவா?

படலம் கிழிந்தால் என்னவாகும் என்பதை மீஞ்சூர் மக்களுக்கு நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை. காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் உள்ளது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் திறனுடன் அமைக்கப்பட்ட நிலையம் அது. அங்கே உப்பைத் தடுத்து நிறுத்துவது மெல்லிய சவ்வுதான். சவ்வு கிழிந்தால் உப்பு உள்ளே புகும். தசையிலும் அவ்வாறே. இழைக்கு வெளியே மிகுந்தும் உள்ளே மிகக் குறைந்தும் இருக்க வேண்டிய கால்சியம், கிழிசல் வழியே உட்புகுகிறது. இழை இறுகிச் சுருண்டு, தன்னைத் தானே அரித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியோ வெளியே கசிந்து குருதியில் கலக்கிறது. இந்நோயுற்றோர் குருதியில் அந்நொதி மிகுந்திருப்பதை ஜப்பானியர் எபாஷியும் அவர் குழுவினரும் 1959-இலேயே கண்டிருந்தனர். கசிவு முன்னரே தெரியும். கசியும் துளையைக் காட்டியது எலெக்ட்ரான் நுண்ணோக்கி.

அறுந்த வடம்

படலம் ஏன் கிழிகிறது? இதற்கு விடை 1986, 1987 ஆம் ஆண்டுகளில் கிடைத்தது. பாஸ்டன் நகரில் லூயி குங்கெல் குழுவினர் நோய்க்குரிய மரபணுவைக் கண்டனர். அம்மரபணு ஆக்கும் புரதத்திற்கு டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டனர். இந்நோயுற்ற சிறுவரிடம் அப்புரதம் அறவே இல்லை, அல்லது இல்லையென்னும் அளவே உள்ளது. 1988-இல், டிஸ்ட்ரோபினை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் நுண்ணிய பொன் துகள்களைக் கோத்து, நலமுள்ள தசையின்மீது செலுத்திப் பார்த்தனர். பொன் எலெக்ட்ரானைத் தடுப்பதால் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் யாவும் படலத்தின் உட்புறத்தை ஒட்டியே நின்றன.

எண்ணூர்த் துறையில் நிற்கும் கப்பலை நினைத்துப் பாருங்கள். அலை எத்துணை ஆட்டினும் வடங்கள் அதனைக் கரையோடு பிணைத்து வைத்திருக்கின்றன. டிஸ்ட்ரோபின் அத்தகைய வடம். அதன் ஒரு முனை இழையின் உட்சட்டத்தைப் பற்றியுள்ளது. மறுமுனை, படலத்தில் ஊன்றிய புரதக் கூட்டத்தின் வழியாக வெளி உறையைப் பற்றியுள்ளது. வடம் இல்லையேல், தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் படலம் தனித்து இழுபட்டுக் கிழிகிறது. 1993-இல் எலிகளின் தசையில் இது சோதித்து உறுதி செய்யப்பட்டது. 2024 டிசம்பரில், உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையால், விலங்குத் தசையிலிருந்து பிரித்த அப்புரதக் கூட்டத்தின் வடிவமே வெளியாயிற்று. எந்தப் பிழை எந்த இணைப்பைக் கெடுக்கிறது என்று இன்று சுட்டிக் காட்டலாம்.

தோழர்களே, என் நண்பனை ஓடவிட்ட அந்த மைதானத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். அவன் சோம்பேறி அல்லன். ஓடிய ஒவ்வோர் அடியிலும் அவன் தசைப் படலம் கிழிந்துகொண்டிருந்தது.

நாம் செய்யத்தக்கது

முதலாவதாக, தாயைப் பழிக்காதீர்கள். இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. தாய் அறியாமலே அது மகனுக்குச் செல்லலாம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் தாயிடம் இல்லாமலே பிழை புதிதாகத் தோன்றுகிறது. இதில் எவர் குற்றமும் இல்லை. டுஷென் நோய்க்கு உறவுத் திருமணம் காரணமன்று. ஆயினும் படலப் புரதக் கூட்டத்தின் வேறு சில உறுப்புக்கள் கெடுவதால் வரும் தசைச்சிதைவு நோய்கள், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தாலே தோன்றும். அவற்றுக்கு நெருங்கிய உறவுத் திருமணம் வாய்ப்பை மிகுவிக்கிறது. மாமன் மகளை மணக்க எண்ணும் இளைஞர் இதனை மனத்தில் கொள்க.

இரண்டாவதாக, நடக்கத் தாமதிக்கும், அடிக்கடி விழும், தொடையைப் பற்றி எழும் சிறுவனைக் கண்டால், மருத்துவரிடம் அழைத்துச் சென்று கிரியேட்டின் கைனேஸ் சோதனை செய்யச் சொல்லுங்கள். அது சாதாரணக் குருதிச் சோதனையே. மிகுந்திருந்தால் அடுத்தது மரபணுச் சோதனை. பலருக்குத் தசையை வெட்டி எடுக்க வேண்டிய தேவையே இன்று இல்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்களில் இந்நோய்களுக்கெனத் தனி மருத்துவப் பிரிவுகள் உள்ளன.

மூன்றாவதாக, உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைப் பெயர் குறித்துச் சேர்த்துள்ளது. தமிழ்நாட்டரசு இந்நோயாளர்க்கு மாத உதவித்தொகை வழங்குகிறது. முழுக் குணம் தரும் மருந்து இன்னும் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மருந்துகள் நடையைச் சில ஆண்டுகள் நீட்டிக்கின்றன. மூச்சுக்கும் இதயத்துக்கும் தரும் கவனிப்பு ஆயுளை நீட்டிக்கிறது. குறுக்கப்பட்ட டிஸ்ட்ரோபின் மரபணுவைச் செலுத்தும் சிகிச்சைக்கு அமெரிக்கா 2023-இல் ஒப்புதல் அளித்தது. அதன் விலை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாதது, இடரும் உண்டு.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு சொல். மெரியான் ஐயுற்றதற்கும் மோக்ரியும் எங்கலும் கண்டதற்கும் இடையே 124 ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளியில் எத்தனையோ தாய்மார்கள் பழி சுமந்தனர். இன்னும் விடை காணாத நோய்கள் பல உள்ளன. அவற்றின் படலங்களை உற்று நோக்கும் கருவியின் முன், இம்மன்றத்தில் இருக்கும் ஒரு மகளோ மகனோ ஒருநாள் அமர வேண்டும். அன்று நான் இருப்பேனோ இல்லையோ, என் நண்பனை நோக்கி அறியாமல் சிரித்த சிரிப்புக்கு அதுவே கைம்மாறாகும்.