இளவரசனுக்குப் பதிலாக இறந்த குழந்தை

இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்க என்னை அழைத்தவர்களுக்கு நன்றி. இத்துறையில் என்னைவிட ஆழ உழைத்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் பேசக் கிடைத்தது பெருமையாகவும் இருக்கிறது, சற்று அச்சமாகவும் இருக்கிறது. ‘வரலாற்றுப் புனைவில் உண்மையும் கற்பனையும்’ என்ற பொதுப்பொருளின் அடிப்படைகளை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்காட் தொடங்கி இன்றுவரை வந்த நாவல்களின் வரலாறும், அவற்றைப் பற்றிய கோட்பாடுகளும் அடுத்தடுத்த அமர்வுகளில் விரிவாகப் பேசப்படும். கிடைத்திருக்கும் நேரத்தை ஒரே ஒரு கதைவகைக்குக் கொடுக்க விரும்புகிறேன். புரட்சியில் மாண்டதாக அறிவிக்கப்பட்ட அரச குடும்பத்தினர் ஒருவர் உண்மையில் தப்பிப் பிழைத்தார் என்று சொல்லும் கதைகளே அவை. இவற்றைப் பொழுதுபோக்குச் சரக்கு என்று நாம் நெடுங்காலமாக ஒதுக்கி வைத்திருக்கிறோம். அது தவறு என்பது என் வாதம்.

பிரான்சின் பதினாறாம் லூயி 1793 ஜனவரி 21 அன்றும், அரசி மரி அந்த்வானெத் அதே ஆண்டு அக்டோபர் 16 அன்றும் பாரிஸின் புரட்சிச் சதுக்கத்தில் பெருங்கூட்டத்தின் கண்முன்னே தலை துண்டிக்கப்பட்டார்கள். இவ்விருவரும் பிழைத்திருந்ததாக எந்த நாவலும் மக்களை நம்ப வைக்கவில்லை. எந்தப் போலியும் அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிலைக்கவில்லை. அவர்களுடைய மகன் லூயி சார்லின் கதி வேறு. 1785இல் பிறந்த அந்தச் சிறுவன் டெம்பிள் சிறைக்கோபுரத்தில் 1793 ஜூலையில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, சிமோன் என்ற செருப்புத் தொழிலாளியின் பொறுப்பில் வைக்கப்பட்டான். 1794 ஜனவரியில் சிமோன் போன பிறகு பல மாதங்கள் தனியறையில் அடைபட்டுக் கிடந்தான். 1795 ஜூன் 8 அன்று, பத்து வயதில், சுவர்களுக்குள்ளேயே இறந்தான். அவனுக்கு மருத்துவம் பார்த்த தெசோ ஒரு வாரம் முன்னதாகத் திடீரென இறந்திருந்தார். அதே கோபுரத்தில் சிறையிருந்த அக்காளுக்கு உடலைக் காட்டவில்லை. சேன்ட் மார்கரீத் இடுகாட்டில் அடையாளக் கல் எதுவுமின்றிப் புதைத்தார்கள். பெற்றோரின் எச்சங்கள் 1815இல் தோண்டி எடுக்கப்பட்டு சேன் தெனி பேராலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. மகனின் கல்லறையை யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை.

இங்கே ஓர் ஆவணத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட்ட பிணப் பரிசோதனை அறிக்கை அது. வரலாற்றாசிரியர்கள் அதில் நோய்க்குறிகளைத் தேடியிருக்கிறார்கள். இலக்கிய மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை. படுக்கையில் கிடந்த சிறுவனின் சடலம் காலஞ்சென்ற லூயி கப்பேயின், அதாவது பதினாறாம் லூயியின், மகனுடையது என்று ஆணையர்கள் தங்களிடம் கூறியதாக அம்மருத்துவர்கள் எழுதுகிறார்கள். ‘இது இளவரசன்’ என்று அவர்கள் தம் பொறுப்பில் சொல்லவில்லை. பிறர் சொன்னதைப் பதிவு செய்கிறார்கள். நேர்மையான மருத்துவர் அப்படித்தான் எழுத முடியும். ஆனால் ஒரு மன்னர் பரம்பரையின் வாரிசு இறந்தான் என்பதற்கு அரசாங்கம் கொடுத்த சான்று, கடைசியில் செவிவழிச் செய்தியாகவே நின்றுவிட்டது. பிழைத்தோர் கதைகள் எல்லாம் இந்த இடைவெளி வழியாகத்தான் உள்ளே வந்தன. முடியாட்சிமேல் கொண்ட பழம் பாசமே இக்கதைகளைப் பிறப்பித்தது என்று நம் துறையின் மூத்தவர்கள் சிலர் மதிப்புடன் முன்வைத்த விளக்கம் எனக்குப் போதவில்லை. பாசம்தான் காரணம் என்றால், ஊரறியக் கொல்லப்பட்ட அரசனுக்கும் அரசிக்கும் ஏன் அப்படியொரு கதை எழவில்லை? குடியரசு மறைத்துச் செய்ததைத்தான் கதை நிரப்பியது.

முதலில் நிரப்பியவர் நாவலாசிரியர் ரெனோ-வாரன். அவருடைய ‘மதலேன் கல்லறைத் தோட்டம்’ 1800இல், சிறுவன் இறந்து ஐந்தே ஆண்டுகளில் வெளிவரத் தொடங்கியது. மயக்கமருந்து கொடுக்கப்பட்ட வேறொரு குழந்தையைச் சிறைக்குள் கொண்டுபோய் வைத்து இளவரசனை வெளியே எடுத்து வருகிறார்கள் என்பதே அதில் நம் கவனத்துக்குரிய கதைப்பின்னல். காவல்துறை அந்நூலின் மீது கைவைத்தது. அப்படியும் அது பரவியது. மொழிநடை மிகையுணர்ச்சியானது, ஆன் ராட்கிளிஃபின் இருண்ட கோட்டைகளின் சாயல் தெரிகிறது என்பதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் விமர்சகர் லூக்காச் 1937இல் வரலாற்று நாவலின் பிறப்பை ஸ்காட்டின் ‘வேவர்லி’ (1814) அருகே நிறுத்திய நாளிலிருந்து நாம் அந்த ஆண்டைத் தாண்டிப் பின்னால் பார்க்கவே கூசுகிறோம். பிரெஞ்சுப் புரட்சிதான் வரலாற்றை வெகுமக்களின் சொந்த அனுபவமாக்கியது என்று சொன்னவரும் அதே லூக்காச்தான். அப்படியானால், அந்த அனுபவத்தின் நடுவிலிருந்து எழுந்த ஒரு பிரெஞ்சு நூலை எதற்காகக் கணக்கில் விட வேண்டும்? ஐந்தாண்டு இடைவெளியில் எழுதியது வரலாற்றுப் புனைவாகாது, அறுபதாண்டுத் தொலைவேனும் வேண்டும் என்று பதில் வரும். நாட்காட்டியையே மாற்றிய, மாதங்களின் பெயர்களையே மாற்றிய ஒரு புரட்சிக்குப் பின் ஐந்தாண்டுகள் போதும். 1800இல் பாரிஸில் வாழ்ந்தவருக்கு முடியாட்சி முன்னோர் காலம் போலாகிவிட்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாவலுக்கு முன்பே போலிகள் இருந்தார்களே என்பது அது. உண்மைதான். சேன் லோ நகரத்துத் தையல்காரரின் மகன் எர்வகோவை 1798 வாக்கிலேயே சிலர் இளவரசன் என நம்பினார்கள். ஆனால் உரிமை கோருவது ஒன்று, தப்பிய கதையைச் சொல்வது இன்னொன்று. 1802இல் வழக்கில் அகப்படும் முன் எர்வகோ தம் புரவலர்களிடம் சொன்ன தப்பியோட்டம், அதற்குள் அச்சாகியிருந்த நாவலின் பாதையிலேயே செல்கிறது. அடுத்து வந்த போலியான மாதுரன் புருனோ எழுத்தறிவு குறைந்தவர். அவருக்கான கடிதங்களையும் நினைவுக்குறிப்புகளையும் சிறையில் உடனிருந்தவர்களே எழுதினார்கள். அதே உரிமை கோரிய ரிஷ்மோன் 1831இலும் நௌண்டார்ஃப் 1836இலும் தத்தம் வாழ்க்கையை நூலாகவே வெளியிட்டார்கள். 1834இல் ரிஷ்மோன் மீதான விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நௌண்டார்ஃபின் ஆள் எழுந்து, மெய்யான பதினேழாம் லூயியின், அதாவது லூயி சார்லின், கடிதம் என்று ஒன்றை நீட்டினார். பழைய காலத்துப் போலிகள் படை திரட்டினார்கள். ருஷ்யாவின் புகச்சோவ் மூன்றாம் பீட்டர் என்ற பெயரில் போரே நடத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலிகள் வாசகர்களைத் திரட்டினார்கள். வாசகரை நம்ப வைக்கும் கதையை நாவல் அவர்களுக்கு ஆயத்தமாக வைத்திருந்தது. போலியிலிருந்து நாவல் பிறந்தது என்ற வழக்கமான வரிசையை, இந்த அளவிலாவது, நாம் திருப்பிப் போட வேண்டும்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். இளவரசனை வெளியே கொண்டுவர வேண்டுமானால் அவனிடத்தில் இன்னொரு குழந்தை இருந்தாக வேண்டும். ஏனென்றால் 1795 ஜூனில் அந்த அறையில் ஒரு சிறுவன் இறந்தான் என்பதை எந்தக் கதாசிரியராலும் மாற்ற முடியாது. அந்த இன்னொரு குழந்தை யார்? ரெனோ-வாரன் கதையில் மயக்கமருந்து உண்ட குழந்தை. நௌண்டார்ஃப் சொன்ன கதையில் காது கேளாத, வாய் பேசாத ஒரு சிறுவன். அவனும் போதாமல் பிறகு நோயுற்ற வேறொருவன். எப்போதும் ஏழை, எப்போதும் பெயரில்லாதவன், பெரும்பாலும் தன் கதையைத் தானே சொல்ல இயலாதவன். நல்லவர்களாக, வீரர்களாக வரையப்பட்ட பாத்திரங்கள் அவனைத் தூக்கிப்போய்ச் சாவறையில் கிடத்திவிட்டு இளவரசனோடு குதிரை ஏறிப் போகிறார்கள். அவனுக்காக யாரும் அழுவதில்லை. இருநூறு ஆண்டுகளாக நாமும் இளவரசன் பிழைத்தானா என்று கேட்டோமே தவிர, மற்றவன் யார் என்று கேட்கவில்லை. என் பார்வையில் இந்த வகைக் கதைகளை மதிப்பிடும் முதல் உரைகல் அந்த மற்றவன்தான். ஒரு நாவல் அவனை என்ன செய்கிறது என்பதில் அந்த நாவல் புரட்சியைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

இன்றைய சமத்துவ உணர்வை அன்றைய நூல்மேல் ஏற்றுகிறீர்கள் என்று யாரேனும் கூறலாம். ஆனால் மனிதர்கள் உரிமையில் சமமாகவே பிறக்கிறார்கள் என்று பிரான்சின் தேசிய சபை அறிவித்தது 1789 ஆகஸ்டில். ரெனோ-வாரனும் அவருடைய வாசகர்களும் அந்தச் சொற்களைக் கேட்டே பதினோராண்டுகள் வாழ்ந்தவர்கள். ஓர் உயிருக்கு ஈடாக இன்னோர் உயிரைக் கொடுக்கலாம், கொடுக்கப்படும் உயிர் மலிவானது என்ற கணக்கு அவர்கள் அறியாமல் நுழைந்ததன்று. அந்த அறிவிப்புக்குக் கதை வடிவில் தரப்பட்ட மறுப்பு அது. இன்னொரு தரப்பினர், அறிவியல் இதையெல்லாம் முடித்துவிட்டது, பேச என்ன இருக்கிறது என்கிறார்கள். அந்த நான்கு மருத்துவர்களில் ஒருவரான பெல்லத்தான் பிணப் பரிசோதனையின்போது மறைத்து எடுத்து வந்த இதயத்தின் மரபணுவை 2000இல் லூவெனிலும் ம்யூன்ஸ்டரிலும் ஆராய்ந்து, அது மரி அந்த்வானெத்தின் தாய்வழி மரபோடு பொருந்துவதைக் காட்டினார்கள். அந்த இதயம் 2004 ஜூன் 8 அன்று சேன் தெனியில் அடக்கம் செய்யப்பட்டது. இம்முடிவை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் என் கேள்வி கூர்மையாகிறது. மாற்றுக் குழந்தை என்று ஒருவன் இருந்ததே இல்லை என்றால், அவனை முழுக்க முழுக்கப் படைத்தது கற்பனை. உண்மை நிர்ப்பந்திக்காத இடத்தில் அத்தனை கதைகளும் ஏன் ஓர் ஏழைப் பிள்ளையின் சாவையே தேர்ந்தன? இது ஆய்வுக்கூடம் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல. நம் துறை சொல்ல வேண்டியது.

ருஷ்யாவில் இதே அமைப்பு தலைகீழாக நிகழ்ந்தது. 1918 ஜூலை 16–17 இரவில் எகாடெரின்பர்க்கில் ஜார் குடும்பம் முழுவதும் சுட்டுக் கொல்லப்பட்டது. ஆனால் ஜார் மட்டுமே கொல்லப்பட்டதாகவும் குடும்பத்தினர் பத்திரமான இடத்துக்கு அனுப்பப்பட்டதாகவும் சோவியத் அரசு அறிவித்தது. மறுபடியும் அதே இடைவெளி. 1920இல் பெர்லினில் கால்வாயில் குதித்துக் காப்பாற்றப்பட்ட ஒரு பெண் பின்னர் இளவரசி அனஸ்தாசியா எனப்பட்டார். ஜெர்மானிய நீதிமன்றங்களில் இழுத்த வழக்கு எப்பக்கமும் தீராமல் 1970இல் முடிந்தது. அவர் ஃபிரான்ஸிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற ஆலைத் தொழிலாளி என்று 1927லேயே சொல்லப்பட்டதை, 1990களின் மரபணுச் சோதனை உறுதி செய்தது. முதல் உலகப் போரின்போது வெடிகுண்டு ஆலையில் அவர் கையிலிருந்து விழுந்த குண்டு வெடித்து, மேற்பார்வையாளர் ஒருவர் அவர் கண்ணெதிரே மாண்டார். மார்செல் மொரெத்தின் நாடகம், இங்கிரிட் பெர்க்மன் ஆஸ்கர் பெற்ற 1956ஆம் ஆண்டுப் படம், 1997இன் அசைவூட்டப்படம் என்று எத்தனையோ வடிவங்கள் வந்தன. நினைவிழந்த பெண்ணுக்குள் ஓர் இளவரசி இருப்பதையே அவை கொண்டாடின. போர்க்காலத் தொழிலாளி ஒருத்தியின் சிதைந்த வாழ்க்கை அக்கதைகளுக்குத் தேவைப்படவில்லை. பாரிஸில் கற்பனைக் குழந்தை ஒன்று இளவரசனுக்காகப் பலியானது. பெர்லினில் ரத்தமும் சதையுமான ஒரு பெண் இளவரசிக்காக மறைந்துபோனாள்.

இதை முன்பே கண்டுகொண்ட ஒரு நாவலாசிரியர் இருந்தார். நாம் அவரை இந்த வரிசையில் வைத்துப் படிப்பதே இல்லை. விஸ்கான்சினில் மதப்பணியாற்றிய எலியாசர் வில்லியம்ஸ் தான் அந்த இளவரசன் என்று சொல்லி 1853இல் அமெரிக்கப் பத்திரிகையில் இடம்பிடித்தார். முப்பதாண்டுகளுக்குப் பின் மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ வந்தது. தன்னைப் பிரெஞ்சு இளவரசன் என்று கூறிக்கொள்ளும் கிழட்டு மோசடிக்காரன் அதில் மிதவையில் ஏறுகிறான். விமர்சகர்கள் இதை நகைச்சுவைப் பகுதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அதே மிதவையில் இருப்பவன் ஜிம், அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்தவன். முன்னதாக, சிறையில் அடைபட்ட அந்தச் சிறுவனின் கதையை ஹக் சொல்லும்போது இரக்கப்படுபவனும் ஜிம்தான். கடைசியில் அந்தப் போலி இளவரசன் ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறான். ரெனோ-வாரன் தொட்டு நௌண்டார்ஃப் வரை யாருமே பார்க்காமல் விட்ட மாற்றாள் இங்கே பெயரோடும் குரலோடும் இருக்கிறான். அவனை விற்ற விலையையும் ட்வெயின் எழுதி வைத்திருக்கிறார். ஒர்க்சி சீமாட்டியும் சபட்டினியும் பின்னால் எழுதிய லூயி சார்ல் நாவல்களைப் புகழ்பவர்கள், அவற்றை ட்வெயினுக்குப் பக்கத்தில் வைத்து மீண்டும் எடைபோட வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளில் பல, தப்பியவர்களைப் பற்றியவை. அவற்றை விவாதிக்கும்போது, தப்பியவருக்குப் பதிலாகக் கதை யாரை நிறுத்தியது என்ற கேள்வியையும் ஒவ்வொரு அமர்விலும் எழுப்புங்கள். 1795ஆம் ஆண்டின் மருத்துவ அறிக்கையும் 1800ஆம் ஆண்டின் நாவலும் ஒரே பாடத்திட்டத்தில், அடுத்தடுத்து வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்பதை இந்த அவையின் பரிசீலனைக்கு முன்வைக்கிறேன். இக்கருத்து ஏற்கத்தக்கதல்ல என்று கருதுபவர்கள் முதல் அமர்விலேயே எழுந்து மறுக்கலாம். அதற்கு நேரம் ஒதுக்குமாறு அமர்வுத் தலைவரைக் கேட்டிருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.