வீட்டுக்கு ஒரு ஃபோன், செயலிக்கு ஒரு பூட்டு



பழவேற்காட்டில் மீனும் இறாலும் விற்ற காசு இப்போது பாதி நேரம் ஃபோனில்தான் வந்து விழுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடலுக்குப் போகாத 61 நாளுக்கான தடைக்கால நிவாரணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்துத் தரும் சேமிப்பு நிவாரணமும், பெண்களுக்கு மாதாமாதம் வரும் உரிமைத்தொகை ஆயிரமும் அப்படித்தான். பணம் வந்த செய்தியைக் காட்டுவதும் அதை எடுத்துச் செலவழிப்பதும் ஒரே ஃபோன். அந்த ஃபோனோ வீட்டுக்கே ஒன்றாக இருக்கும். பையன் அதில் கேம் ஆடுகிறான், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அவசரத்துக்கு வாங்கிப் பேசுகிறார், ரீசார்ஜ் கடையில் பூட்டைத் திறந்தே கொடுத்துவிட்டு நிற்கிறோம்.

திரைக்குப் போடும் பூட்டு இங்கேதான் போதாமல் போகிறது. அது கீழே விழுந்த ஃபோனைக் காக்கும். நாமே திறந்து இன்னொருவர் கையில் கொடுத்த ஃபோனுக்கு அதனால் பயனில்லை. பணம் அனுப்பும் செயலி, வாட்ஸ்அப், படங்கள் இவற்றுக்குத் தனித்தனியாகப் பூட்டு வேண்டும்.

கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. பழவேற்காடு ஏரி ஊருக்குப் பொது; ஆனால் பாடு, அதாவது முறை, விழுந்தவர்தான் அன்றைக்கு அந்த இடத்தில் சுத்து வலை கட்டலாம். அண்ணன் தம்பியானாலும் முறை மாறி இறங்க முடியாது. யாரும் அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு ஃபோனில் மனைவியின் கணக்குக்கு மனைவி மட்டும் அறிந்த எண்ணை வைப்பதும் அப்படி ஒரு முறைதான். “என்கிட்டயே மறைக்கிறியா?” என்று கேட்கும் அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பூட்டு என்றதும் கடைக்காரர் கைரேகையை வைத்துக் கொடுப்பார். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களின் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்து, இறால் முள்ளும் சிப்பி ஓடும் கீறி, நுனியில் ரேகை தேய்ந்திருக்கும். வலைக்கயிறு இழுப்பவர் கையும் அப்படித்தான். ரேஷன் கடைக் கருவியில் விரல் பதியாமல் நாலு தடவை துடைத்துத் துடைத்து வைக்கிறவர்கள் இவர்கள். ஃபோனும் இந்த விரல்களை அடையாளம் காணாமல் திணறும். கடைசியில் சலித்துப்போய்ப் பூட்டையே எடுத்துவிடுகிறார்கள். அதனால் என் யோசனை: கைரேகை இருந்தால் இருக்கட்டும், நம்பிக்கை வைக்க வேண்டியது எண் பூட்டில். பிறந்த வருடம் வேண்டாம், படகின் பதிவு எண்ணும் வேண்டாம். படகு எண் பக்கப்பலகையில் ஊருக்கே தெரிய எழுதியிருக்கிறது.

இதற்காகப் புதிதாக எதையும் இறக்க வேண்டாம். ரெட்மி, ரியல்மி, விவோ போன்ற ஃபோன்களின் அமைப்புகளில் ‘ஆப் லாக்’ என்று தேடினாலே பெரும்பாலும் கிடைத்துவிடும். சாம்சங்கில் பல மாடல்களில் ‘செக்யூர் ஃபோல்டர்’ உண்டு. ஐஃபோனில் 2024-இல் வந்த ஐஓஎஸ் 18 முதல், செயலியின் படத்தை அழுத்திப் பிடித்தால் பூட்டும் வசதி வருகிறது. வாட்ஸ்அப், கூகுள் பே, ஃபோன்பே இவற்றுக்குள்ளேயே பூட்டு இருக்கிறது. பூட்டுச் செயலி என்ற பெயரில் எவரோ செய்து இலவசமாக விடுபவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையில் ஓடுவதையெல்லாம் பார்க்க அனுமதி கேட்பவை அவற்றில் உண்டு. காவலுக்கு வந்தவனிடம் கல்லாச் சாவியைக் கொடுத்த கதையாகிவிடும்.

பின் நம்பர் இல்லாமல் பணம் போகாதே என்று கேட்கலாம். யுபிஐ லைட்டில் போட்டு வைத்த சிறு தொகை பின் நம்பர் கேட்காமலே போகும். அதைவிட எனக்குக் கவலை, ஃபோன் கவருக்குப் பின்னால் செருகி வைக்கும் ஏடிஎம் கார்டு. படகில் நனையாமல் இருக்க இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைக்கிறார்கள். பல வங்கிகளில் கார்டின் கடைசி ஆறு எண், அது முடியும் மாதம், வருடம், ஃபோனுக்கு வரும் ஓடிபி இவை கிடைத்தால் புதிய யுபிஐ பின்னே போட்டுவிடலாம். மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கின்றன! கார்டை இன்றைக்கே வீட்டுப் பெட்டியில் எடுத்து வையுங்கள். பூட்டிய திரையின் மேல் ஓடிபி தெரியாதபடி அறிவிப்புகளையும் மறைத்துவிடுங்கள்.

பிள்ளைக்குப் பாட வீடியோ போட்டுக் கொடுக்கும்போது ‘ஆப் பின்னிங்’ என்ற வசதியைப் பயன்படுத்தலாம். அதை இயக்கும்போதே, விலகினால் பூட்டு எண் கேட்கும்படி வைத்துவிட்டால், எண் தெரியாமல் அந்த ஒரு செயலியை விட்டு வெளியே வர முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, நம் கவனக்குறைவால் போனதாகவே இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது. ஆகவே மகன் வேலையிலிருந்து வரட்டும், ஊர்ப் பெரியவரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஃபோனே தொலைந்திருந்தால் பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து பேசுங்கள். புகார் எண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.