மணிக்கு முந்திய வகுப்பு
(நூற்றாண்டு விழாவில், பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



தோட்டங்களிலிருந்து படிக்க வந்த எங்களுக்குக் காலையில் ஒரே ஒரு பஸ்தான். அது ஆறரைக்கெல்லாம் எங்களைக் கம்பளை டவுனில் இறக்கிவிடும். பாடசாலை மணி அடிப்பது ஏழரைக்கு. இடைப்பட்ட நேரத்தில் சங்கீத அறைப் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுவேலை எழுதுவோம். பின்னேரம் நின்றால் பஸ் போய்விடும் என்பதால் கொயர் எங்களுக்குக் கிடையாது. ஒருநாள் சங்கீத டீச்சர் கதவைத் திறந்து, "பனியில உட்காராம உள்ள வாங்க பிள்ளைகள்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் ஓ லெவல் எழுதும்வரை, ஏழு மணிக்கு முன்பே எங்களுக்கு வகுப்பு நடந்தது.

அங்கேதான் ஸ்வரம் எழுதிய தாளை வாசிக்கப் பழகினோம். ஐந்து கோடுகளுக்குக் குறுக்கே நிற்கும் கோடுகள் பாட்டைப் பார்களாகப் பிரிக்கின்றன. ஒரு பாருக்கு எத்தனை அடி என்பதைத் தொடக்கத்திலுள்ள இலக்கங்கள் சொல்லும். மேலே 3, கீழே 4 என்றால் பாருக்கு மூன்று கால்ஸ்வர அடிகள். கோட்டை அடுத்து வரும் முதலடிக்கு இயல்பாகவே அழுத்தம் உண்டு.

நம் எல்லோருக்கும் தெரிந்த பிறந்தநாள் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, ஒன்றுக்கு மட்டும் கை தட்டிப் பாருங்கள். 'ஹெப்பி' என்ற சொல்லில் தட்டு விழாது. 'பர்த்' என்ற இடத்தில்தான் விழும். 'ஹெப்பி' முதற் பாருக்கு முன்னாலேயே வந்துவிட்ட ஓர் அடி. அதை அப்பீட் என்பார்கள். பாட்டின் கடைசிப் பாரில் இரண்டு அடிதான் எழுதியிருக்கும். முன்னால் வந்த ஒன்றும் பின்னால் நிற்கும் இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுப் பார். அதனால் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தாலும் கணக்கு உடையாது. எண்ணிப் பாருங்கள், மொத்தம் 24 அடி, சரியாக எட்டுப் பார்.

பக்கத்து அறையில் கர்நாடக சங்கீதம் படித்த தோழிகளுக்கு இது புதிதல்ல. பாட்டும் தாளமும் ஒன்றாகத் தொடங்கினால் சம எடுப்பு. தாளம் முந்தி, பாட்டு பிந்தினால் அனாகதம். பாட்டு முந்தி, தாளம் பிந்தினால் அதீதம். "உங்கட அப்பீட் எங்கட அதீதம்தானே" என்று அவர்கள் சொன்னபோது எங்களுக்கு இரண்டு பாடமும் சேர்ந்து விளங்கின.

ஆனாலும் பிழை விட்டோம். பரிசளிப்பு விழாவுக்குப் பழகும்போது டீச்சர், "அஞ்சாம் பாரிலிருந்து" என்றார். எங்களில் பாதிப்பேர் ஒரு பார் முந்தித் தொடங்கினோம். முன்னால் நின்ற அரைகுறைப் பாரையும் ஒன்று என்று எண்ணியதால் வந்த வினை. டீச்சர் கோபிக்கவில்லை. "அதுக்கு இலக்கம் இல்ல பிள்ளைகள். முதல் முழுப் பார்தான் ஒண்ணு. ஆனா அத விட்டுட்டுப் பாடவும் ஏலாது" என்றார்.

பிறகு எங்களில் சிலர் பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போனோம். நெடுங்காலம் உயர் குருதியமுக்கம் இருந்த ஒரு நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். வழமையான இரண்டு ஒலிகள்தான் கேட்கின்றன என்றோம். திரும்பவும் கேட்டோம். முதலாம் ஒலிக்குச் சற்று முன்னால் தாழ்ந்த சுருதியில் இன்னொன்று இருந்தது. "அப்பீட்!" என்று எங்களை அறியாமலே வாய் சொல்லிவிட்டது. அதுதான் நான்காம் இதய ஒலி.

இதயவறைகள் சுருங்குவதற்கு முன் சோணையறைகள் சுருங்கி, மீதிக் குருதியை அவற்றுக்குள் தள்ளுகின்றன. இதயவறை விறைத்திருந்தால் அந்தத் தள்ளல் ஒலியாகக் கேட்கும். ஆரோக்கியமான இதயத்தில் அது கேட்பதில்லை; நாடியைப் பிடித்தாலும் தெரியாது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயவறையில் நிரம்பும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனால்தான் வருகிறது. சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும் நோயில் அந்த முன்னடி இல்லாமற் போகிறது. அதனால் வயதானவர்கள் சிலர் படியேறவே மூச்சு வாங்குகிறார்கள்.

டீச்சரின் வகுப்பு நேரசூசியில் இருக்கவில்லை. அதற்குச் சம்பளமும் இல்லை, வரவுப் பதிவேடும் இல்லை. இந்த மலருக்காகப் பழைய பதிவுகளைப் புரட்டியபோது அதைப் பற்றி ஒரு வரிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மேடையில் நின்று உங்கள் முன் பேசும் தைரியம் எங்களுக்கு அங்கேதான் வந்தது.

போன மாதம் ஒரு காலையில் வந்து பார்த்தோம். பஸ் இன்றும் ஆறரைக்கே வருகிறது. பிள்ளைகள் அதே படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கீத அறை பூட்டிக் கிடக்கிறது. ஈரத்தில் பியானோவின் கட்டைகள் சில அழுத்தினால் மேலே எழுவதில்லை. டீச்சர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள். உடல்நிலை காரணமாக இன்று வர முடியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவைப் பக்கம் இருப்பவர்களில் சங்கீதம் தெரிந்தவர்கள் கிழமைக்கு ஒரு காலை வாருங்கள். முக்கால் மணித்தியாலம் போதும். லண்டனிலும் டொராண்டோவிலும் டோஹாவிலும் இருப்பவர்கள் பியானோவைத் திருத்தவும், வருபவர்களின் பஸ் செலவுக்கும் உதவுங்கள். கதவைத் திறந்து தர அதிபர் அவர்கள் சம்மதித்திருக்கிறார். பெயர் எழுதும் கொப்பி மண்டப வாசலில் இருக்கிறது. முதல் பக்கத்தில் எங்கள் வகுப்பின் ஆறு பெயர்களை எழுதியிருக்கிறோம். மிகுதி வரிகள் உங்களுக்கு.