பின்னால் ஒட்டிய எண்ணும் உள்ளே ஓடும் என்ஜினும்



'காடி வாங்குவது தேவைக்கா, கௌரவத்துக்கா?' இதுதான் இன்றையத் தலைப்பு. இதைச் சுங்கை சோவில் பேசுவது மிகப் பொருத்தம். பெரோடுவா தொழிற்சாலை இருப்பது இங்கேதான். 1994-இல் கஞ்சில் வந்தபோது, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற எத்தனையோ தோட்டக் குடும்பங்களுக்கு அதுதான் முதல் காடி. இன்று நம் இளைஞர்கள் சிலரின் கண் வேறு பக்கம் போகிறது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ், புது மைவியை விடக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்கிறார்கள். ஆசைப்படுவது தவறில்லை. ஆனால், வாங்குவது என்னவென்று தெரிந்து வாங்க வேண்டும்.

5 சீரிஸ் 1972-இல் பிறந்தது. அதன்பின் 1981, 1988, 1995, 2003, 2010, 2017, 2023 எனப் புதிய தலைமுறைகள் வந்துவிட்டன. தொடக்கத்தில் கணக்கு எளிது. 520 என்றால் 5 சீரிஸ், 2.0 லிட்டர் என்ஜின். 528 என்றால் 2.8 லிட்டர். பின்னால் ஒட்டிய எண்ணைப் படித்தாலே பெரும்பாலும் என்ஜின் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கு பிறகு மாறியது. 2000-ஆம் ஆண்டு 520ஐ-க்கு 2.2 லிட்டர் என்ஜின் வந்தது, எண் மாறவில்லை. அடுத்த தலைமுறையின் 523ஐ-இல் இருந்தது 2.5 லிட்டர் என்ஜின். 2010-இல் வந்த 528ஐ-க்கு ஆறு சிலிண்டர், 3.0 லிட்டர். மறு ஆண்டே அதே பெயரில் நான்கு சிலிண்டர், 2.0 லிட்டர் டர்போ வந்துவிட்டது. ஒரே உருவம், ஒரே எண், உள்ளே இரண்டு வேறு என்ஜின்!

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் நாட்டில் சாலை வரி என்ஜின் சி.சி.யைப் பார்த்துப் போடப்படுகிறது. தீபகற்பத்தில் 1.5 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி. 528ஐ டர்போவுக்கு ஏறக்குறைய 380 வெள்ளி. அதே 528ஐ 3.0 லிட்டராக இருந்தால் சுமார் 2,120 வெள்ளி! ஒரே பெயர் கொண்ட இரண்டு காடிக்கும் வரியில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அப்படியானால் டர்போவையே வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள். அந்த முதல் டர்போ என்ஜின்களில் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் பாகம் தேய்ந்து உடைவது உலகெங்கும் அறியப்பட்ட குறை. செயின் அறுந்தால் என்ஜினே போய்விடும். பழைய ஆறு சிலிண்டர் என்ஜின் உறுதியானதுதான். ஆனால் ரேடியேட்டர் தண்ணீர்த் தொட்டி, குழாய் இணைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். வருடங்கள் ஓட ஓட சூட்டில் வெடித்துவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜின் தலைப்பாகம் வளைந்துவிடும். இன்னொன்று, 2005 வாக்கில் வந்த என்ஜின்களிலிருந்து பலவற்றில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியே கிடையாது. மின்னணுக் கருவி சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காடி பழசானால் அதன் விலை இறங்கும். உதிரிப்பாகத்தின் விலை அதனோடு சேர்ந்து இறங்காது. பெரிய பணக்காரர்களுக்காகச் செய்த காடி, நம் கைக்கு வந்த பிறகும் பணக்காரச் செலவைத்தான் கேட்கும். முதல் முதலாளி புதிதாக வாங்கி, பழுது வருமுன் விற்றுவிட்டார். அந்தப் பழுது மூன்றாவது, நான்காவது கைக்கு வரும்போது, சம்பளத்தில் பாதி தவணைக்கும் மீதி பட்டறைக்கும் போகிறது. வீட்டில் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. தம்பியின் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. நான் கவலைப்படுவது இதற்காகத்தான்.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் மூன்று காரியம் செய்யுங்கள். பின்னால் ஒட்டிய எண்ணை விட்டுவிட்டு, 'கிராண்ட்' பத்திரத்தில் சி.சி.யையும் ஆண்டையும் பாருங்கள். விற்பவருக்குத் தெரிந்த பட்டறைக்குப் போகாமல், அந்த என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த வேறொருவரிடம் காடியைக் காட்டுங்கள். எண்ணெய் எப்போது மாற்றினார்கள், செயின், தண்ணீர் பம்ப் மாற்றினார்களா என்ற ரசீதுகளைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

முன்பணம் கட்டிய பிறகும், ஒரு பெரிய பழுதுக்கான தொகை கையில் தனியாக இருக்கிறதா? இருந்தால் வாங்குங்கள், வாழ்த்துகள். இல்லையென்றால் இதே சுங்கை சோவில் நம் பிள்ளைகள் வேலை செய்யும் தொழிற்சாலையின் காடியில் போவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் ஓடி, வேலைக்கு நேரத்தில் கொண்டுசேர்க்கும் காடிதான் கௌரவமான காடி.