கல்லைப் படிக்கக் கற்போம்

(பெரியநாயக்கன்பாளையத்தில் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலதெய்வக் கோயிலின் முன்மண்டபத்தைப் பிரித்துவிட்டு, அவ்விடத்தே கான்கிரீட்டுக் கூரையுடன் அகன்றதொரு மண்டபம் எழுப்புவது பற்றி இன்று மாலை இப்பேரவை முடிவு செய்யவிருக்கின்றது. அதற்கு முன்னர்க் கட்டடக்கலையின் வரலாறு குறித்துச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எளியேனைப் பணித்தார்கள். யான் சிற்பியல்லேன்; பொறியியல் பயின்றவனுமல்லேன்; தமிழ் கற்பிக்கும் ஆசிரியன். எனினும், ஏட்டைப் படித்தல் போலக் கல்லையும் படித்தல் கூடும் என்பதை ஒருவாறு அறிவேன். அதனை உங்கட்கு எடுத்துரைப்பதே என் நோக்கம்.

நம் கொங்கு நாட்டில் இன்று காணப்பெறும் மிகப் பழைய கற்கட்டுமானங்கள் உயிரோடிருந்தோர் வாழ்ந்த இல்லங்கள் அல்ல. இறந்தோர்க்கு எடுத்த ஈமக் கல்லறைகளே. பேரூரைத் தொட்டு ஓடும் நொய்யலின் கரைவழியே கிழக்கு நோக்கிச் செல்லின், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலை அடையலாம். அங்கு 1985 முதல் அறிஞர் நிகழ்த்திய அகழாய்வுகளில், நாற்புறமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் ஏற்றி, ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமான இடுதுளை விட்டு, சுற்றிலும் கல்வட்டம் அமைத்த கல்லறைகள் வெளிப்பட்டன. நாட்டுப்புறத்தார் பாண்டுக்குழி என வழங்குவது இத்தகையவற்றையே. நிற்குங் கல்லின்மேற் கிடக்குங் கல் என்னும் இவ்வொரு முறையே, இங்கிலாந்து நாட்டு ஸ்டோன்ஹெஞ்சு முதல் நம் நாட்டு ஆயிரங்கால் மண்டபங்கள் வரை தொடர்ந்து வருவது.

உயிரோடிருந்தோர் மண்ணாலும் மரத்தாலும் புல்லாலும் வீடு கட்டினர். வைகைக் கரைக் கீழடியிற் போலச் செங்கல்லாலும் கட்டினர். மரமும் புல்லும் மக்கிப் போயின. கோயில்களின் நிலையும் அதுவே. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மண்டகப்பட்டிலே பாறையைக் குடைந்து கோயில் எடுத்த பல்லவன் மகேந்திரவர்மன், இது செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவையின்றி எடுத்த கோயில் எனும் கருத்துப்படக் கல்வெட்டுப் பொறித்தான். அவன் கொண்ட பெருமிதமே, அதுகாறும் கோயில்கள் எப்பொருள்களால் எழுந்தன என்பதற்குச் சான்றாகும். நம் கொங்கு நாட்டிலும் நாமக்கல்லில் அதியர் மரபினர் எடுத்த குடைவரைகள் இரண்டு உள. அவை 8ஆம் நூற்றாண்டின என்பர்.

கல்லுக்கு மாறிய கை, மரத்தை மறந்துவிடவில்லை. மாமல்லபுரத்துத் திரௌபதி இரதம் புல்வேய்ந்த குடிலின் வடிவினது. வீம இரதத்தின் கூரையோ நம் கூண்டு வண்டியின் கூண்டுபோல் வளைந்தது. நீலகிரித் தோதவர் மூங்கிலை வளைத்துப் புல்வேய்ந்து அமைத்த மரபுவழி இல்லங்களும் அவ்வடிவினவே. கோயிற் சுவருக்கு மேலே வெளிநீண்டு வளைந்திருக்கும் கொடுங்கை, கூரைவீட்டின் இறவாரம் அன்றி வேறென்ன? ஆவுடையார்கோயிற் கொடுங்கையிலே, மரச்சட்டங்களையும் அவற்றை இறுக்கும் ஆணிகளையுங்கூடக் கல்லிற் செதுக்கி வைத்தனர். ஆகவே, மக்கிப்போன மரக்கட்டடத்தின் வடிவைக் கல்லே நமக்குக் காத்துத் தந்திருக்கின்றது.

குடைவரைக்குப் பின் கல்லை அடுக்கிக் கட்டும் கற்றளி வளர்ந்தது. அதன் உச்சம் 1010இல் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயில். நம் பேரூரிலும் அவிநாசியிலும் கொங்குச் சோழர் கல்வெட்டுகள் உள. பேரூர்க் கனகசபையோ 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் ஆட்சிக் காலத்தில் எழுந்தது. அதன் தூண்களில் ஊர்த்துவ தாண்டவரையும் அகோர வீரபத்திரரையும், விதானத்திற் கற்சங்கிலியையும் கண்டு வியவாதார் யார்? அந்நூற்றாண்டிலேயே, 1636இல், மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனை செங்கல்லும் சுதையும் கொண்ட பெரிய வளைவுகளோடு எழுந்தது. இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். கல்லுத்திரம் அழுத்தத்தைத் தாங்கும். நீளம் மிகுந்தால் நடுவில் முறியும். அதனாலேயே கல்மண்டபத்தில் தூண்கள் நெருங்கி நிற்கின்றன. வளைவோ பாரத்தை இருபுறமும் இறக்கிவிடுதலின் அகன்ற கூடத்துக்கு இடந்தருகின்றது. திருமணக் காலத்தில் நம் மண்டபத்துத் தூண்கள் கண்ணை மறைக்கின்றன என்று நாம் குறைகூறுகிறோம். அவை கட்டினோரின் அறியாமையால் நிற்பன அல்ல. கல்லின் இயல்பை நன்கு அறிந்தமையால் நிற்பன.

இனி, கல்லைப் படிக்கும் வழி ஒன்று கூறுவேன். புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த பிரஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய், 1914இல் வெளியிட்ட நூலில், கோயிலின் சிற்றுறுப்புகளே அதன் காலத்தைக் காட்டும் என்று விளக்கினார். தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையை நோக்குக. பல்லவர் காலத்தில் அது பெரும்பாலும் அலையலையாய் மடிந்திருக்கும். சோழர் காலத்திற் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் முனைப்புப் பெறும். விசயநகர, நாயக்கர் காலங்களில் வாழைப்பூப்போன்ற மொட்டுத் தொங்கும். பள்ளிச் சிறுவனும் ஒரு பகலில் இதனைக் கற்றுக்கொள்ளலாம்.

சென்ற திங்கள் நம் மண்டபத்தில் அண்ணாந்து பார்த்தேன். முன்வரிசைத் தூண்களில் மொட்டுப் போதிகை. பின்வரிசை நான்கிலும் சாய்வாக வெட்டிய போதிகை. இருவேறு காலத்தார் கைவேலை அங்கே கலந்திருத்தல் கூடும். உத்திரம் ஒன்றில், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடத்தில் எழுத்துகள் தெரிகின்றன. எனக்குப் படிக்கக் கிடைத்தவை நான்கே.

இங்கு என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கூற வேண்டும். சிறு வயதில், என் தாயார் பிறந்த ஊரில், கிணற்றடித் துணி துவைக்கும் கல்லின்மேல் ஏறி விளையாடுவேன். அதில் வரிவரியாக எழுத்துகள் இருந்தன. பழைய கோயிலைப் பிரித்தபோது அங்குக் கொணர்ந்து போட்டது என்று பாட்டியார் சொல்லுவார். பிற்காலத்தில் கல்வெட்டெழுத்துக் கற்று, ஆவலோடு அதனைத் தேடிச் சென்றேன். சாலைக்குச் சல்லியாக உடைத்துவிட்டார்கள். அதில் இருந்தது யார் பெயர், எந்த ஊர்க் கொடை என்பதை இனி ஒருவரும் அறியார். என் காலடியிற் கிடந்தபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை. தெரிந்தபோது கல் இல்லை.

பெரியோர்களே! மழை ஒழுகுவதும் மெய். திருமணக் கூட்டத்துக்கு இடம் போதாமையும் மெய். ஆதலின், புதிய மண்டபம் வேண்டாவென்று யான் சொல்லவில்லை. கோயிலின் கிழக்கே நம் சங்கத்துக்கு உரிய வெற்றிடத்தில் அதனை எழுப்புவோம். பழைய மண்டபத்தின் கூரையைச் செப்பனிடுவோம். எது செய்வதாயினும், அதற்கு முன்னர்த் தொல்லியல் துறையாரை அழைத்து அவ்வுத்திரத்தைப் படிக்கச் செய்வோம். ஒவ்வொரு தூணையும் அளந்து படம் எடுத்துச் சங்க ஏட்டிற் பதிவோம். மணல் வீச்சுமுறையால் அதனைத் தூய்மை செய்ய யாரேனும் முன்வரின் தடுப்போம். அது அழுக்கோடு எழுத்தையும் அழித்துவிடும்.

நம் முன்னோர் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். அவர்கள் தம் கையால் விட்டுச்சென்ற சொல் அவ்வுத்திரத்தில் இருக்கலாம். அதனைப் படிக்குமுன் பிரித்தல் முறையன்று. மூன்று திங்கள் பொறுத்திருக்குமாறு இப்பேரவையை வணக்கத்துடன் வேண்டி, என் சொற்களை நிறைவு செய்கின்றேன்.