பெயரும் குடியும் நிலைக்கும் அறமும்



ஊரை விட்டு நகரத்திற்குக் குடிபெயர்வது தகுமா, தகாதா என்பதே இவ்வுரையின் பொருள். இவ்வினா எழாத தமிழ்ச் சமணர் இல்லம் இன்று அரிது. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, போளூர், செஞ்சி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் விளைவித்து, ஊர் நடுவே ஜினாலயம் அமைத்து வாழ்ந்த குடிகள் இவர்கள். இன்று அவ்வூர்களின் நயினார் தெருவில் நடந்தால் பூட்டிய வீடுகளே பல. மகன் சென்னையில் இருக்கிறான். மகள் பெங்களூரில் இருக்கிறாள். முதியோர் இருவர் மட்டும் திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் வாழும் சமணர் ஏறத்தாழ 89,000 பேர். வடபுலத்திலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்களும் இவ்வெண்ணுள் அடங்கும். இத்துணைச் சிறிய சமுதாயத்தில் ஒரு குடும்பம் ஊர் பெயர்வது அக்குடும்பத்தின் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஊர்க்கோயிலின் செய்தியாகவும் ஆகிவிடுகிறது.

ஒரு பொருளை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்த்து முடிவு கூறுதல் அநேகாந்தம் கற்ற சமயத்தார்க்கு ஒவ்வாது. நகரம் நன்றா என்று வினவினால், ஒருவாற்றான் நன்று, ஒருவாற்றான் நன்றன்று என்பதே நேர்மையான விடை. எவ்வாற்றான் நன்று, யாருக்கு நன்று என்பதைப் பிரித்தறிதலே எஞ்சிய பணி.

பழைய பெயர்ச்சிகள் கூறும் பாடம்

குடிபெயர்தல் சமணத்திற்குப் புதிதன்று. மகத நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் வருமென உணர்ந்த பத்திரபாகு முனிவர், சங்கத்தாரை அழைத்துக்கொண்டு தெற்கே சரவணபெளகுளம் வந்தடைந்தார் என்பது திகம்பர மரபு. விசாகாசாரியர் அங்கிருந்து தமிழகம் நோக்கி வந்தார் என்றும் அம்மரபு கூறும். அவர்கள் ஏன் பெயர்ந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பஞ்ச காலத்தில் நோன்பு பிழையாமல் உணவு ஏற்க இயலாது. ஆதலின் நோன்பைக் காக்கும்பொருட்டு நாட்டைத் துறந்தனர். மகதத்திலேயே தங்கியவர்களோ காலத்தின் நெருக்கடியால் ஒழுக்க முறைகளைத் தளர்த்திக்கொண்டனர் என்று அதே மரபு சொல்கிறது. பிறந்த மண்ணில் இருப்பவரெல்லாம் மரபைக் காப்பவர், பெயர்ந்தவரெல்லாம் மரபை இழந்தவர் என்னும் கருத்து இதனால் அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது சான்று மயிலாப்பூர். ஒருகாலத்தில் அங்கே நேமிநாதர் கோயில் சிறப்புற்றிருந்தது. குணவீர பண்டிதர் தாம் இயற்றிய இலக்கணத்திற்கு நேமிநாதம் என்று பெயர் வைத்தார். அவிரோதியாழ்வார் அப்பெருமான் மீது திருநூற்றந்தாதி பாடினார். கடல் கோயிலை நெருங்கியபோது அத்திருவுருவம் மேல்சித்தாமூருக்குக் கொண்டுவரப்பட்டது என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அன்று நகரிலிருந்து சிற்றூருக்குத் திருவுருவமே பெயர்ந்தது. கோயில் நின்ற இடம் போயிற்று, வழிபாடு போகவில்லை. எடுத்துச் செல்வோரும் ஏற்றுக்கொள்வோரும் இருந்தமையே அதற்குக் காரணம்.

மூன்றாவது சான்று இதற்கு மாறானது. மதுரையைச் சூழ்ந்த மாங்குளம், ஆனைமலை, சமணர்மலை முதலிய குன்றுகளில் கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் இன்றும் உள்ளன. ஆனால் அக்குன்றுகளின் அடிவாரத்தில் அவற்றைத் தம்முடையன என்று கூறி நாள்தோறும் விளக்கேற்றும் சமணக் குடிகள் இல்லை. குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப்பள்ளி பிற்காலத்தில் பகவதி கோயிலாயிற்று. கல் நிலைத்தது, குடி நிலைக்கவில்லை. குடியற்ற கோயில் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகைக்குரிய பொருளாகிவிடும். இந்த அச்சம் வீண் அச்சமன்று.

நகரம் தரும் ஈட்டம்

நகரத்தால் வரும் நன்மைகளை மறைத்துப் பேசுதல் பொய்யாமை விரதத்திற்கு இழுக்காகும்.

கல்வி முதல் நன்மை. திண்டிவனத்துக்கு அருகிலுள்ள வீடூரில் பிறந்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சென்னைக்குச் சென்று கற்று, அரசுக் கல்லூரிகளில் தத்துவம் கற்பித்தார். அவரே 1936இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தார். குந்தகுந்தரின் நூல்களை ஆங்கிலத்தில் உலகறியச் செய்தார். அவர் வீடூரிலேயே தங்கியிருந்தால் வீடூருக்கு ஒரு நல்ல நிலக்கிழார் கிடைத்திருப்பார். சமண உலகுக்கு ஓர் அறிஞர் கிடைத்திருக்கமாட்டார்.

நகரில் வாழும் சமணர் நூலை மறந்துவிடுவர் என்பதும் முற்றும் உண்மையன்று. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராய்ந்தபோது, சமயச் செய்திகளில் அவருக்கு எழுந்த ஐயங்களைக் களைந்து துணைநின்றோர் கும்பகோணம் நகரத்துச் சமணரே. சந்திரநாத செட்டியார் போன்றோர் இல்லங்களில் சிந்தாமணியை முறைப்படி படிக்கும் வழக்கம் உயிரோடிருந்தது. 1887இல் அந்நூல் அச்சேறியதில் அவ்வில்லங்களுக்கும் பங்குண்டு.

மருத்துவம் இரண்டாவது நன்மை. சிறுநீரகம் பழுதுற்று வாரத்தில் மூன்று நாள் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் முதியவருக்கு, ஒவ்வொரு முறையும் பேருந்தேறி நெடுந்தொலைவு சென்று மீள்வது பெருந்துன்பம். அவரை ஊரிலேயே இருத்தி வைத்து, மண்பற்று என்று அதற்குப் பெயர் சூட்டுதல் அருளாகாது.

மூன்றாவது, பெண்மக்களின் வாழ்வு. முதுகலை படித்த மகளுக்கு அவள் கல்விக்கேற்ற பணி சிற்றூரில் இல்லை. படிக்க வைத்த பெற்றோர், படிப்பைப் பயன்கொள்ளும் இடத்திற்கு அவள் செல்வதைத் தடுத்தல் முறையன்று.

உழவைப் பற்றியும் ஒரு சொல். பூச்சிமருந்து தெளிக்கும்போதெல்லாம் மனம் நொந்து, வேறு வழியின்றித் தெளித்துவந்த சாவகர் பலர். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வேறு தொழில் நாடியதில் அவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. ஆயினும் நகரத்துத் தொழில்கள் அனைத்தும் கொலையும் பொய்யும் கலவாதவை அல்ல; அங்கும் தேர்ந்தே கொள்ளுதல் வேண்டும்.

நகரம் கொள்ளும் விலை

இழப்புகளுள் முதலாவது இரவுண்ணாமை. சென்னையில் நவம்பர் நடுப்பகுதியில் கதிரவன் மாலை 5.40 மணியளவில் மறைந்துவிடுகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வரை இருக்கிறான். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டு, மின்தொடர்வண்டியும் பேருந்தும் மாறி எட்டு மணிக்கு இல்லம் சேர்பவர் எப்போது உண்பார்? ஆண்டு முழுவதும் அந்நோன்பு அவருக்குக் கைகூடாது. ஊரில் இருந்தபோது அது நோன்பு என்ற எண்ணமே இன்றி இயல்பாக நடந்தது. அடுத்த வீட்டிலும் எதிர் வீட்டிலும் அந்திக்கு முன்பே அடுப்பு அணைந்ததால் பிள்ளைகளும் அவ்வாறே பழகினர். தனித்து ஒரு வீடு மட்டும் கடைப்பிடிக்கும் ஒழுக்கம் மிக்க உறுதியை வேண்டுவது.

இரண்டாவது, ஜினாலயத்தின் அண்மை. ஊரில் நீராடி நாலடி நடந்தால் திருமுன் நிற்கலாம். நகரில் அது ஞாயிற்றுக்கிழமைப் பயணமாகிறது. பின்னர் மாதம் ஒருமுறையாகிறது. பின்னர் விழா நாளுக்கு மட்டும் என்றாகிறது. இத்தேய்வு யாரும் எண்ணித் துணிந்து செய்வதன்று. ஆதலின் அதைக் கண்டுகொள்வதும் கடினம்.

மூன்றாவது, முதியோரின் தனிமை. ஊரில் ஒரு முதிய தாய்க்கு நாள் முழுதும் பணியுண்டு: பூசைக்குப் பூத்தொடுத்தல், தண்ணீர் வடிகட்டி வைத்தல், அட்டமி, சதுர்த்தசி நாள்களை அண்டை வீட்டாருக்கு நினைவூட்டல், பேரக்குழந்தைகளுக்கு ஸ்ரீபுராணக் கதை சொல்லல். அவரை அடுக்ககத்தின் எட்டாம் மாடியில் கொண்டுபோய் வைத்தால், மகனும் மருமகளும் பணிக்குச் சென்றபின் மாலைவரை அவர் காண்பவை நான்கு சுவர்களே. உணவுக்கும் மருந்துக்கும் குறைவில்லை. ஆனால் ஊரில் பலருக்கும் வேண்டியவராக இருந்தவர் அங்கே யாருக்கும் வேண்டாதவர்போல் உணர்கிறார்.

நான்காவது, ஊர்க்கோயிலின் நிலை. நாற்பது குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட பூசைச் செலவை நான்கு குடும்பங்கள் சுமக்க நேர்ந்தால், அர்ச்சகருக்கு உரிய ஊதியம் தர இயலாது. ஊதியம் போதாத அர்ச்சகரும் தம் பிள்ளைகளை நகரத்திற்கே அனுப்புவார். அதில் அவரைக் குறைகூற யாருக்கும் தகுதியில்லை. அவருக்குப் பின் அவ்விடத்தில் யார் நிற்பார் என்பதே வினா.

எடைபோடும் கோல் எது?

நன்மை தீமைகளை எண்ணிக்கையால் கூட்டிக் கழித்தல் பயன்தராது. பொன்னையும் பஞ்சையும் ஒரே படியால் அளப்பது போன்றது அது. எடைபோடத் தக்க கோலை முன்னோர் அளித்துள்ளனர். அருங்கலச்செப்பு இல்லறத்தார்க்கு உரைக்கும் நோன்புகளுள் மிகுபொருள் விரும்பாமையும் திசைவிரதமும் உள்ளன. எவ்வளவு பொருள் போதும், எத்திசையில் எவ்வளவு தொலைவு செல்வது என்று முன்னரே எல்லை வகுத்துக்கொள்ளுமாறு அவை கூறுகின்றன. 'செல்லாதே' என்பது அவற்றின் கட்டளையன்று; அளவின்றிச் செல்லாதே என்பதே கருத்து.

ஆகவே குடிபெயர எண்ணும் குடும்பம் முதலில் வினவ வேண்டுவது, 'எதற்காக?' என்பது. பிள்ளையின் கல்விக்கு, தந்தையின் நோய்க்கு, மகளின் பணிக்கு என்று விடை வருமாயின் அது எல்லையுள்ள தேவை. அண்டை வீட்டார் சென்றனர், உறவினர் அங்கே வீடு வாங்கினர் என்பது விடையாயின் அதற்கு எல்லை இல்லை. எத்துணை ஈட்டினாலும் நிறைவும் இல்லை.

அடுத்த வினா, 'கடைப்பிடித்து வரும் நோன்புகளுள் எவை அங்கே நிலைக்கும்?' என்பது. பத்திரபாகு சங்கத்தார் வினவியதும் இதுவே. இதற்கு ஏக்கமோ பெருமூச்சோ விடையாகாது, ஏற்பாடே விடை. அலுவலகத்திற்கு அருகில் சிறிய வீடு, தொலைவில் பெரிய வீடு என இரண்டு கிடைத்தால், சிறிய வீட்டைத் தேர்ந்தவர்க்கு அந்திக்கு முன் உண்ணும் வாய்ப்பு மிகுதி. அது இயலாதவர் மாலை உணவையும் காலையிலேயே கட்டி எடுத்துச் சென்று ஐந்தரை மணிக்கு அலுவலகத்திலேயே உண்ணலாம். அவ்வாறு உண்போர் உள்ளனர். அந்த இரண்டாவது பாத்திரத்தைக் கட்டும் உழைப்பு இல்லத்தரசி ஒருவர் தலையில் மட்டும் விழாதவாறு ஆடவரும் பங்கேற்றல் வேண்டும். தமிழ்ச் சமணர் சில குடும்பங்களேனும் வாழும் பகுதியில் வீடு தேடுவது நன்று. பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் அறநெறி வகுப்பு நடத்தவும் அது வழிசெய்யும்.

மூன்றாவது வினாவை முதியோரிடம் கேட்டல் வேண்டும். முதியோரைப் பற்றிப் பிறர் தமக்குள் பேசி முடித்தல் தகாது. வர விரும்பும் தந்தையை ஊரில் விடுதலும் பிழை. வர விரும்பாத தாயை வற்புறுத்தி இழுத்தலும் பிழை. ஓராண்டு வாடகை வீட்டில் இருந்து பார்க்கும்வரை ஊர் வீட்டையும் நிலத்தையும் விற்காதிருத்தல் அறிவுடைமை. விற்ற வீட்டுக்குத் திரும்பி வர இயலாது என்பதை அறிந்த முதியவர், வந்த இடத்தில் நிம்மதியாக உறங்கமாட்டார். திரும்ப ஒரு வாசல் உண்டு என்னும் எண்ணமே பலரைப் புதிய இடத்தில் நிலைக்கச் செய்கிறது.

நான்காவது வினா ஊர்க்கோயிலைப் பற்றியது. பெயர்ந்து செல்லும் குடும்பம் செல்வதற்கு முன்னரே, 'எங்கள் பங்கு இவ்வளவு, எங்கள் முறை இம்மாதம்' என்று ஊர்ப் பெரியோரிடம் உறுதிசெய்துகொள்ளல் வேண்டும். நகரில் ஈட்டும் ஊதியத்தில் மாதந்தோறும் ஒரு சிறுபகுதி அர்ச்சகரின் ஊதியத்திற்குச் சென்றால் அவ்விளக்கு அணையாது. ஆண்டு விழாவுக்குப் பெருந்தொகை அளித்துப் பெயர்ப் பலகையில் இடம்பெறுவதினும், ஆடி மாதத்து மழைநாளில் எண்ணெய்க்கு வழி செய்தல் கோயிலுக்குப் பெரிது. நந்தீசுவர நாள்களில் ஒருமுறையேனும் பிள்ளைகளுடன் ஊரில் தங்குதல் வேண்டும். ஊர்க்கோயிலைக் கண்டு வளராத பிள்ளை, நாளை அதற்குப் பங்கு தருவான் என எதிர்பார்த்தல் இயலாது.

இந்நான்கு வினாக்களுக்கும் விடை கண்டபின் செல்வோர் தயக்கமின்றிச் செல்லலாம். விடை காண இயலாதோர் இன்னும் ஓராண்டு பொறுத்தல் நன்று. ஊரிலேயே இருக்க முடிவுசெய்தோர் தம்மைப் பின்தங்கியவர் என்று எண்ணவேண்டுவதில்லை. மாங்குளத்திலும் சிதறாலிலும் இல்லாமற்போன பணியை இன்று செய்து வருவோர் அவர்களே. சென்றவரும் இருப்பவரும் ஒருவரை ஒருவர் பழியாது, ஒருவர்க்கொருவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்களாக வாழ்தல் வேண்டும். விழா முடிந்து அவரவர் இருப்பிடம் திரும்புமுன், தத்தம் ஊர்க் கோயிலின் அடுத்த மாதப் பூசை யார் பொறுப்பில் உள்ளது என்பதை ஒவ்வொரு குடும்பமும் கேட்டறிந்து செல்லுமாக.

அறம் வளர்க! ஜினநெறி ஓங்குக!